சித்தியின் சிகிச்சையைப் பற்றி

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள மகனுக்கு,

மூளையில் சிறிது மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைத்து மனநோயைக் கட்டுப்படுத்தும் மின்னதிர்ச்சிச் சிகிச்சை இல்லாமலேயே கொரோனா காலத்தில் பல மாதங்கள் சித்தி இருந்துவிட்டாளே, இனி மட்டும் அது எதற்கு என்று கேட்டிருந்தாய். இருந்தாள் என்பது உண்மைதான். எப்படி இருந்தாள் என்பதை மெல்பர்னில் இருந்த நீ பார்க்கவில்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய சில நாள்களிலேயே, அவளுடைய அடுத்த தவணை ஒத்திவைக்கப்பட்டதாக மருத்துவமனையிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். சிக்கல் மின்சாரத்தில் இல்லை, மூச்சில் இருந்தது. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகு நோயாளியால் சில நிமிடங்களுக்குத் தானாக மூச்சுவிட முடியாது என்பதால், முகத்தில் முகமூடியை அழுத்திப் பிடித்து, அதோடு இணைந்த பையை அமுக்கி ஆக்சிஜன் செலுத்துவார்கள். அப்போது வெளியே கசியும் காற்றில் கிருமி பரவும் என்ற அச்சம் பல நாடுகளிலும் இருந்தது. போதாக்குறைக்கு, மயக்க மருத்துவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இழுத்துக்கொண்டன. எனவே பல மருத்துவமனைகள் இச்சிகிச்சையைக் குறைத்துக்கொண்டன, சில அடியோடு நிறுத்தின. உணவை மறுப்பவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவர்கள், உடல் விறைத்து உறைந்துபோனவர்கள் ஆகியோருக்கே முதலிடம் கிடைத்தது. நோய் திரும்பாமலிருக்க மாதத்துக்கு ஒரு முறை போய்வந்த சித்தியைப் போன்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவள் நன்றாக இருந்ததே வினையாகப் போயிற்று. எதனால் நன்றாக இருந்தாள் என்பதை ஒத்திவைத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

முதலில் பேச்சு குறைந்தது. பிறகு ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாகப் பொழுது போயிற்று. ஒரு கட்டத்தில், ஊட்டிய கஞ்சியை விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கிவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். சட்டை மாற்றுவதற்காகக் கையைத் தூக்கினால், தூக்கிய கை அப்படியே நின்றது. சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரரிடம் கிளினிக் கடிதத்தைக் காட்டிவிட்டு உன் அப்பா அவளைக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, முடிவு வரும்வரை தனி அறையில் வைத்த பிறகே சிகிச்சையைத் தொடங்கினார்கள். முகமூடிக்கும் பைக்கும் நடுவில் வடிகட்டி பொருத்தி, முன்கூட்டியே ஆக்சிஜனை நிறையக் கொடுத்துப் பையை அமுக்குவதை முடிந்தவரை குறைத்துக்கொள்கிறோம் என்று தாதியர் விளக்கினார். வாரங்கள் சென்றபின் ஒருநாள், சாம்பாரில் உப்பு இல்லை என்று சித்தி தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டாள். உன் அப்பா அழுதுவிட்டார்.

நினைவாற்றல் பற்றிய உன் கவலை நியாயமானதே. சிகிச்சையை ஒட்டிய மாதங்களில் நடந்த சில அவளுக்கு நினைவில் இல்லை. பக்கத்து வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போனதையே மறந்துவிட்டாள். ஆனால் கட்டிப்போட்டுக் கரண்ட் வைப்பதாக நம் தோட்டத்து ஆட்கள் சொல்வதை நீயும் நம்பாதே. 1938இல் ரோம் நகரில் செர்லெத்தி, பீனி என்ற இத்தாலிய மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. இப்போது சித்தி தூங்கிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

தவணைகளுக்கு இடையிலான காலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதற்கு நான் தடை சொல்லவில்லை. அடியோடு நிறுத்த வேண்டுமென்றால் அதை நீயோ நானோ முடிவு செய்ய முடியாது. அவளிடமே பேசு, மாலையில் அழைத்தால் எடுப்பாள்.

அன்புடன்,
அம்மா