கையைப் பற்றி நீ சொன்னது

அன்புள்ள மகளுக்கு,

"எலும்பு கூடிவிட்டதே, இனி ஏன் வலிக்கப் போகிறது? கையை அசைக்காமல் வைத்திரு, தானாகச் சரியாகிவிடும்" என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னேன். அந்த இரண்டு பேச்சும் தவறு என்று இப்போது தெரிகிறது. காயம் ஆறிய பின்னும் கையிலோ காலிலோ கடும் வலி நீடிக்கும், சி.ஆர்.பி.எஸ். என்று மருத்துவர் உனக்குச் சொன்ன அந்த நோயைப் பற்றி இந்த நாட்களில் தேடித் தேடிப் படித்தேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பது உண்மை. உன் வலியும் அதே அளவுக்கு உண்மை. வலியை உணரும் மெல்லிய நரம்பிழைகள் மூளைக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்பதில்லை. தம் முனைகளிலிருந்து சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்னும் வேதிப்பொருள்களைத் தோலுக்குள் வெளியிடுகின்றன. அதனால் ரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, கை வீங்கிச் சிவந்து சுடுகிறது; இதைத்தான் அழற்சி என்கிறார்கள். அங்கு கூடும் நோயெதிர்ப்பு அணுக்கள் சுரப்பவை அதே நரம்பு முனைகளை இன்னும் கூருணர்வு உள்ளவையாக்குவதால், அழற்சி நரம்பையும் நரம்பு அழற்சியையும் மாறிமாறித் தூண்டுகின்றன. இந்த அழற்சி வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தென்படாது. உன் அறிக்கையைப் பார்த்து நான் நிம்மதி அடைந்தது அறியாமையால்தான்.

ஓயாமல் வரும் வலிச் செய்தியால் தண்டுவடமும் மாறிவிடுகிறது. சட்டைக் கை உரசுவதுகூட அங்கிருந்து வலியாகவே மேலே போகிறது. ஈரத் துணியைச் சுற்றினால்தான் தூங்க முடிகிறது என்றாயே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடிபட்ட வீரர்களும் அந்த எரிச்சல் தாளாமல் கையை ஈரமாகவே வைத்திருந்ததை சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

ஒருநாள், "இந்தக் கை என்னுடையது போலவே இல்லை, அப்பா" என்றாய். அப்படியெல்லாம் பேசாதே என்று உன்னை அடக்கிவிட்டேன். இந்த நோயில் மூளையில் கைக்கு உரிய பகுதி சுருங்குவதையும், வலி தணியும்போது அது மீள்வதையும் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். நீ சொன்னது மனப்பிரமை அல்ல, அம்மா.

ஆகவே கையைக் கட்டிப் போட்டு வைக்காதே. அசைவில்லாமல் இருப்பதே விறைப்பையும், தொட்டாலே வலிக்கும் கூருணர்வையும் வளர்க்கிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு அல்ல, சிறுகச் சிறுக அசை. நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி செய்யும் பயிற்சியைப் பற்றியும் அவரிடம் கேள். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலிக்காக நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் தொடங்கிய அந்த முறை இந்த நோய்க்கும் பயன்படுகிறது. முதல் ஆண்டிலேயே பலர் தேறுகிறார்கள். முழுவதும் தேறிவிடும் என்று வாக்களிக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுவது உனக்குச் சாதகம்.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன். கை அன்றைக்கு யாருடையது போலத் தோன்றுகிறதோ, அதை அப்படியே சொல். குறுக்கே பேசாமல் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா