பண்டாரவரை வளைவில்

அன்புள்ள மணி,

உன் இரண்டு கடிதங்களும் மேசைமேல் அப்படியே இருக்கின்றன. பதில் போடாமல் விட்டது தப்புதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தானே பேப்பர் படிக்கிறாள். பெரியவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது. நெட்டையன் போன மாதம் வந்து இரண்டு நாள் இருந்தான். இன்னமும் அந்த டார்ச் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். நான் உட்கார்ந்து எழுதுவது வேறு விஷயத்துக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை ஆனைமலைக் காட்டு டாப்ஸ்லிப்பில் ஒரு சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்தேன். ஜீப்பில் இருந்து இல்லை. காலால் நடந்து போகும்போது, இருபது தப்படி தூரத்தில்.

2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது மலைப்பாதைகளை இணையத்தில் பதிவு செய்து நடக்கும்படி திறந்தார்களே, அதில் பண்டாரவரைப் பாதை ஒன்று. நாங்கள் ஏழு பேர். ஒரு தம்பதியுடன் பத்து வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். வழிகாட்டி மலசர் குடியைச் சேர்ந்த ஓர் அண்ணன், ஐம்பது வயதிருக்கும். அவர் ஒவ்வொரு வளைவு வரும்போதும் தொண்டையைச் செருமினார், கைத்தடியால் மரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். எனக்குக் கோபமாக வந்தது. இருவாட்சி பார்க்கலாம் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன், இந்த மனுஷன் இருக்கிற பறவையை எல்லாம் விரட்டுகிறாரே என்று. கேட்டே விட்டேன். "நாம வர்றது அதுங்களுக்குத் தெரியணும் சார். தெரிஞ்சா அதுவே ஒதுங்கிக்கும்" என்றார்.

ஓடை ஒன்றைத் தாண்டும் இடம். முந்தின நாள் மழை, தண்ணீர் இரைச்சல் பலமாக இருந்தது. அவர் தட்டினார், ஆனால் அந்தச் சத்தம் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. காற்றும் எதிரே இருந்து வீசியது. அதாவது எங்கள் வாடை அதற்குப் போகவில்லை, ஓசையும் போகவில்லை. மேலே கருமந்திகள் கத்த ஆரம்பித்தன. நம் ஊரில் மிளா என்போமே, அங்கே கடமான் என்கிறார்கள், அது ஒரு தடவை 'டாங்' என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தது. அண்ணன் கையை நீட்டி எங்களை நிறுத்தினார். வளைவில் பாதை நடுவே சிறுத்தை நின்றது.

உறுமவில்லை. பல்லைக் காட்டவில்லை. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, முன்னங்காலைச் சற்றே மடக்கி எங்களைப் பார்த்தது. வால் நுனி மட்டும் ஆடியது. எனக்குப் பின்னால் ஒருவர் திரும்பி ஓடப் பார்த்தார். அண்ணன் தலையைக்கூடத் திருப்பாமல் "ஓடாதீங்க, சேர்ந்து நில்லுங்க" என்றார். அந்த நேரத்தில்தான் கவனித்தேன், அந்தப் பையன் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறான்.

மணி, சிறுத்தையின் கண் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு அவன் மேல் போனது. நான் பார்த்தேன். கற்பனை இல்லை.

அண்ணன் ஒரே எட்டில் பின்னால் வந்து பையனைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார், தனக்குப் பின்னால் தள்ளினார். தோள் துண்டைத் தடியோடு சேர்த்து இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "போ சாமி, நீ போ" என்று வீட்டு மாட்டிடம் பேசுவது மாதிரி பேசினார். நாங்கள் முதுகைக் காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தோம். அது இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் உண்ணிச்செடிப் புதருக்குள் இறங்கிப் போனது. புதர் ஆடக்கூட இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அதற்குள் மறைந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பும் வழியெல்லாம் அண்ணனைக் கேள்வி கேட்டுத் துளைத்தேன். ஓடுகிறதும், குனிந்து சின்னதாகத் தெரிகிறதும்தான் அதற்கு இரை. நிமிர்ந்து கூட்டமாக நிற்கும் மனிதன் அதன் கணக்கில் இல்லை. பின்பக்கமிருந்து வருவதுதான் அதற்குத் தோது. சுந்தரவனத்தில் தேன் எடுக்கப் போகிறவர்கள் 1980-களில் பிடரியில் முகமூடி மாட்டிக்கொண்டு போனார்களே, புலியை ஏமாற்ற, அது எனக்கு அப்போது நினைவு வந்தது. கரடி என்றால் கதையே வேறு என்றார். அது புற்றைத் தோண்டும் மும்முரத்தில் நம்மைக் கவனிக்காது, கிட்டப் போனபின் திடுக்கிட்டு முகத்தில்தான் அடிக்கும். விழுந்துவிட்டால் குப்புறப் படுத்துப் பிடரியை இரண்டு கையாலும் மூடிக்கொள்ள வேண்டுமாம். செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்தால் பயப்படாதீர்கள், அதன் இரைக்கு மட்டும் வழிவிட்டு நில்லுங்கள் என்றார்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறையில் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறாயாம். நாம் மூன்று பேரும் 1994-ல் போன மாதிரி, விடியும் முன் திருநெல்வேலிப் பக்கம் சொரிமுத்தையனார் கோயிலில் இருந்து காரையாறு வரை நடக்க வேண்டுமாம். "யாரிடம் அனுமதி கேட்டோம் அப்போது?" என்று வேறு எழுதியிருக்கிறாய். கேட்கவில்லை, உண்மை. ஒன்றும் ஆகவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அப்போதும் அது புலிகள் காப்பகம்தான். அந்தக் காடு இருக்கிற களக்காடு முண்டந்துறையை 1988-லேயே அறிவித்துவிட்டார்கள். நாம் மூன்று தடியன்கள் கத்திப் பாடிக்கொண்டு போனோம், நெட்டையன் பாட்டுக்கு யானையே ஒதுங்கியிருக்கும். தமிழ்நாட்டில் 2006-ல் 76 புலி என்று கணக்கு, 2022-ல் 306. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் நாம் நடந்த காடு இல்லை இது.

விடிவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம் அவற்றின் நேரம், மணி. உன் பையனுக்கு ஒன்பது வயது. அவன் ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளை, வண்ணத்துப்பூச்சியைக் கண்டால் குந்திவிடுகிற பிள்ளை. உன் வீட்டு மொட்டைமாடியில் நானே பார்த்திருக்கிறேன். டாப்ஸ்லிப்பில் அந்தப் பையனைக் காலரைப் பிடித்துத் தூக்கியதை நினைத்தால் எனக்கு இரண்டு நாளாக ராத்திரித் தூக்கம் இல்லை. நீ இதைப் படித்துவிட்டு, இவனுக்கு வயதாகிவிட்டது, பயந்துவிட்டான் என்று உன் மனைவியிடம் சொல்வாய். சொல்லிக்கொள். பயந்தேன்தான்.

வராதே என்று சொல்லவில்லை. பையன் காட்டைப் பார்க்கத்தான் வேண்டும். டாப்ஸ்லிப்புக்கே வாருங்கள், நான் பதிவு செய்கிறேன், அதே அண்ணன் வருவாரா என்று கேட்டு வைக்கிறேன். வெளிச்சம் வந்தபின் நடப்போம். பையனை நடுவில் விடுவோம், முன்னால் அவர், பின்னால் நான். காதில் எதையும் மாட்டக் கூடாது, உனக்கும் சேர்த்துத்தான்.

மே முதல் வாரமா, இரண்டாம் வாரமா என்று மட்டும் உடனே எழுது. அப்புறம், அவனுக்கு லேஸ் இல்லாத, ஒட்டிக்கொள்கிற ஷூ கிடைத்தால் வாங்கிவிடு. கிடைக்காவிட்டால் வண்டியை விட்டு இறங்கும் முன்பே நீ உன் கையால் இரண்டு முடிச்சாகக் கட்டிவிடு.

உன்,
செல்வம்