பிங்குக்குப் பதில் வராவிட்டால் சர்வர் படுத்துவிட்டது என்று அர்த்தமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஒரு தளம் திறக்காவிட்டால் பிங் (இன்னொரு கணினிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கமாண்ட்) அடித்துப் பாருங்கள், பதில் வராவிட்டால் சர்வர் படுத்துவிட்டது என்று உங்கள் கணினிப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். இது தப்பு. இதை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் புதுப் பிள்ளைகளை வேலையிடத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிங் அனுப்பும் ஐசிஎம்பி என்ற வகைச் செய்தியை ஃபயர்வாலிலேயே (வேண்டாத செய்திகளை உள்ளே விடாத தடுப்பிலேயே) தடுத்து வைத்திருக்கும் சர்வர்கள் ஏராளம். தளம் பாட்டுக்குத் திறக்கும், பிங் மட்டும் 100 சதவீதம் லாஸ், அதாவது ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்று காட்டும். https தளங்கள் வழக்கமாகப் பேசும் 443 போர்ட் (சர்வரின் வாசல் எண் மாதிரி) பதில் சொல்கிறதா என்று கர்ல் என்ற கமாண்ட் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

சில சமயம் பிங் அடித்தால் 'டைம் டு லிவ் எக்சீடட்' என்று வரும். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! லினக்ஸிலிருந்து கிளம்பும் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு) வழக்கமாக 'டைம் டு லிவ்' என்ற இடத்தில் 64 என்ற எண்ணோடு கிளம்புகிறது, வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் (பாக்கெட்டை அடுத்த இடத்துக்கு அனுப்பும் கருவி) அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் அந்த ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். (1981-ல் வந்த ஐபி, அதாவது இன்டர்நெட் புரோட்டோகால் விதிமுறையில் இது விநாடிக் கணக்கு, நடைமுறையில் ஹாப் கணக்காகிவிட்டது; ஒரு ரவுட்டரைத் தாண்டினால் ஒரு ஹாப்.) பெரும்பாலான இடங்களுக்கு 30 ஹாப்புக்குள் போய்விடலாம். 64-ம் தீர்ந்துபோனால் அனேகமாக எங்கோ ரவுட்டர்கள் பாக்கெட்டை ஒன்றுக்கொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன, இதுதான் லூப். அது ரூட்டிங் (பாக்கெட்டுக்கு வழி காட்டுவதில் வரும்) கோளாறு, சர்வரைத் தொட்டுப் பிரயோஜனமே இல்லை.

இதைக் கண்ணால் பார்க்கத்தான் ட்ரேஸ்ரூட் என்ற கமாண்ட் இருக்கிறது. வான் ஜேக்கப்சன் என்ற நெட்வொர்க் ஆய்வாளர் எழுதியது. முதலில் அந்த எண்ணை 1 என்று வைத்து அனுப்பும், அடுத்து 2, அடுத்து 3, எந்த ரவுட்டரில் எண் தீர்கிறதோ அதன் முகவரி திரையில் வந்துவிடும். லூப் இருந்தால் அதே இரண்டு முகவரிகள் மாறி மாறி, லினக்ஸில் வழக்கமாக 30-வது வரி வரைக்கும் ஓடும். நடுவில் ஒரு வரியில் மூன்று நட்சத்திரம் வந்து, அடுத்த வரியில் முகவரி தொடர்ந்தால் பயப்படவே வேண்டாம், அந்த ரவுட்டர் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான்; பாக்கெட்டைக் கடத்திவிட்டது.

நிறுத்தாமல் பிங் அடிக்க 'டி' (-t) ஆப்ஷன் போடச் சொன்னதும் விண்டோஸுக்கு மட்டும்தான் சரி. லினக்ஸில் அதே 'டி' இந்த ஹாப் எண்ணை மாற்றுவதற்கு. மேக்கில் எத்தனை விநாடியில் பிங் நிற்க வேண்டும் என்பதற்கு. ஹாப் எண்ணுக்கு அங்கே 'எம்' (-m). எந்த சிஸ்டத்துக்கு என்று சொல்லாமல் கமாண்ட் அச்சிடாதீர்கள். படிக்கிற பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள், அதனால் அடுத்த வாரமே ஒரு திருத்தம் போடுங்கள்.

நெட்வொர்க் பிரிவு ஊழியர், கோயம்புத்தூர்