மஞ்சள் தடை: இலாபம் தோட்டத்துக்குப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உள்ளூரில் விளையக்கூடிய எதையும் வெளியிலிருந்து எடுக்கக் கூடாது, மஞ்சளில் அதைச் செய்து காட்டிவிட்டோம் என்று பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள். மஞ்சளில் என்ன நடந்தது என்பதைப் பயிர்க் கணக்கோடு ஒருமுறை பார்ப்பது நல்லது.

இலங்கையில் மஞ்சள் இறக்குமதி 2019 டிசெம்பரில் நிறுத்தப்பட்டது. அதுவரை நாட்டின் தேவையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தது. இங்கு மஞ்சள் நடுவது மார்ச், ஏப்ரல் மழையோடு. இலை காய்ந்து கிழங்கு தோண்ட எட்டு முதல் பத்து மாதம் ஆகும். தோண்டியதை 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம்வரை அவித்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் உலர்த்தித் தேய்த்த பிறகுதான் கடைக்கு வரும். ஆக, தடை வந்த நாளிலிருந்து கணக்கிட்டால், அதை நம்பி நட்ட முதல் கிழங்கு தூளாவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ வேண்டும். இடையில் சனங்கள் எதைச் சமைப்பது? போதாக்குறைக்கு 2020 மார்ச்சில் கொரோனா வந்து, வாசலில் தெளிக்கவும் குடிக்கவும் மஞ்சள் தேடினார்கள்.

விதைக் கணக்கு இதைவிட இறுக்கமானது. ஏக்கருக்கு 800 முதல் 1,000 கிலோ விதைக் கிழங்கு வேண்டும். நல்ல பராமரிப்பில் அது எட்டு, பத்துத் தொன் பச்சைக் கிழங்காகும். ஐந்து கிலோ பச்சை உலர்ந்தால் ஒரு கிலோதான் தேறும். 1,000 தொன் உலர் மஞ்சள் கூடுதலாக வேண்டுமென்றால் ஐந்நூறு, அறுநூறு ஏக்கர் நிலமும் சுமார் 500 தொன் விதையும் வேண்டும். அந்த விதையும் தின்னக்கூடிய மஞ்சள்தான்! அதை நிலத்தில் போட்டால் அவ்வருடச் சந்தையில் 100 தொன் குறையும். விற்றால் அடுத்த வருடம் நட ஒன்றும் இராது. குருநாகல், கம்பஹா, மாத்தளைப் பக்கம் புதிதாக நட விரும்பியவர்களுக்கு விதையே எட்டாத விலையானது இதனால்தான்.

சில நூறு ரூபாய்க்கு விற்ற ஒரு கிலோ, 2020 முடிவதற்குள் 5,000 ரூபாய்வரை போனது. 50 கிராம் பக்கெட் 250 ரூபாய்! அதே காலத்தில் ஈரோட்டுச் சந்தையில் கிலோ 60 இந்திய ரூபாயை ஒட்டியே இருந்தது. இத்தனை வித்தியாசம் இருந்தால் கடல் சும்மா இருக்குமா? தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களான மண்டபம், வேதாளைப் பக்கமிருந்து மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் மூட்டை மூட்டையாக வந்தது. பிடிபட்டது போக மிச்சம் சந்தைக்குப் போனது. உலர் மஞ்சளில் ஈரம் பத்துச் சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். படகில் உப்புநீர் பட்ட மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

2020 ஏப்ரலில் கிலோவுக்கு 750 ரூபாய் என்று அதிகபட்சச் சில்லறை விலை விதித்தார்கள். வரவை அடைத்துவிட்டு விலைக்கும் மூடி போட்டால், நேர்மையான கடைக்காரர் தட்டைக் காலியாக வைப்பார். அந்த விலையில் விற்றும் இலாபம் காண ஒரே வழி, அரிசி மாவோ கோதுமை மாவோ சேர்த்து நிறமூட்டுவது. மாக் கலப்பை வீட்டில் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. மஞ்சளிலேயே மாப்பொருள் நிறைய உண்டு என்பதால் அயடீன் விட்டால் நல்ல தூளும் நீலமாகும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான், அவிந்து திரண்ட மஞ்சள் மாவும் பச்சை மாவின் தனித்தனி மணிகளும் பிரிந்து தெரியும். ஆகவே தூள் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் விரலி மஞ்சளாக வாங்கி, ஒடித்து உள் நிறம் பார்த்து, கழுவிக் காயவைத்து அரைப்பிக்கலாம். உள்ளங்கையில் தேய்த்ததும் பளிச்சென்று நிறம் அப்பினால் அது மேற்பூச்சு.

நுகர்வோர் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் எவ்வளவு விவசாயிக்குப் போனது? 2020இல் விலை உச்சத்தில் நின்றபோது பெரும்பாலானோர் கையில் விற்கக் கிழங்கே இல்லை. படகுக்காரரும் பதுக்கியவரும் கலப்படம் செய்தவரும் முந்திக்கொண்டார்கள்.

உள்ளூர்ச் செய்கையைக் காப்பது தவறென்று நான் சொல்லவில்லை. தடைக்குப் பதில் வரி போதும். அதையும் நடுகைக்கு முன்பே, மூன்று நான்கு வருடத்துக்கான அட்டவணையாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அறுவடை சந்தைக்கு வருகின்ற ஜனவரி முதல் ஏப்ரல்வரை வரி கூடுதலாகவும், கையிருப்பு வற்றும் செப்டெம்பர் முதல் டிசெம்பர்வரை குறைவாகவும் இருக்கட்டும். விதைக்கு ஒரு வழி உண்டு: ஒரு முளை உள்ள 5 முதல் 7 கிராம் துண்டுகளாக வெட்டி, தும்புச்சோறும் கூட்டெருவும் நிரப்பிய தட்டில் முளைக்கவைத்து, 30 முதல் 40 நாளில் நடலாம். விதைத் தேவை மூன்றில் ஒன்றாகக் குறையும். இந்த நாற்றுகள் கமநல சேவை நிலையங்களில் கிடைக்கும்வரை எந்தப் பயிருக்கும் ‘தடை’ என்ற பேச்சை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசனைத் திரவிய வணிகத்தில் உள்ள ஒரு வாசகர்,
மாத்தளை