செயலாளரின் ஆண்டறிக்கை: கிப்சன் குடும்பத்தின் கப்பற்சேதப் படங்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டுக் கூட்டங்களில் பெரும்பகுதி, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலும் சில்லித் தீவுகளிலும் கிப்சன் குடும்பத்தார் எடுத்த கப்பற்சேதப் படங்களுக்கே போனது. ஜான் கிப்சன் 1869-இல் தொடங்கியதை, மகன்கள் அலெக்சாண்டர், ஹெர்பர்ட் முதலாக நான்கு தலைமுறை தொடர்ந்தது. 200-க்கும் மேற்பட்ட கப்பல்கள். 2013-இல் கிரீனிச் அருங்காட்சியகம் இத்தொகுப்பை 1,22,500 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது. கப்பற்சேத விவரங்களைச் சகோதரர்கள் கைப்பட எழுதிவைத்த பேரேடும் அதில் அடக்கம். தொகுப்பின் மதிப்பில் பாதி அதற்கே என்பேன். 1891 மார்ச் பனிப்புயலில் கரைதட்டிய 'பே ஆஃப் பனாமா' கல்கத்தாவில் சணல் ஏற்றி டண்டீக்குப் போன கப்பல் என்பதைப் படம் மட்டும் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

ஆரம்பப் படங்கள் ஈரத்தகட்டு முறையில் எடுத்தவை. கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் சில நிமிடம் ஊறவிட்டு, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து உருத்துலக்கிவிட (டெவலப் செய்துவிட) வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குமேல் தாங்காது. அதனால்தான் இருட்டறையையே கைவண்டியில் கொண்டுபோனார்கள். கடற்கரையில் உப்பு பெரிய தொல்லை. ஒரு துளி தெறித்தாலும் வெள்ளி நைட்ரேட் வெள்ளி குளோரைடாகிப் புள்ளி விழும். அந்தத் தகடு நீல ஒளிக்கே அதிகம் மசியும். ஆகவே வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது.

உறுப்பினர் பலர் வீட்டில் கண்ணாடி நெகட்டிவ் இருப்பதால் பயிற்சியும் நடத்தினோம். ஓரத்தை மட்டும் பிடிக்கவும். படலப் பக்கத்தை, அதாவது படம் பதிந்த பக்கத்தை, துடைக்கவே கூடாது. நான்கு பக்கமும் மடிப்புள்ள அமிலமற்ற தாளுறையில் பொதிந்து, நீளப் பக்கம் கீழே இருக்க நிமிர்த்தி வைக்கவும். விரிசல் விட்டதை மட்டும் அட்டைமேல் படுக்க வைக்கவும். ஸ்கேனர் மூடியின் அழுத்தத்தில் கண்ணாடி உடையும் என்பதால், ஒளிப்பெட்டிமேல் வைத்து கேமராவால் நகலெடுப்பதே நல்லது. படலம் லென்ஸைப் பார்த்திருந்தால் கூர்மை கிடைக்கும், ஆனால் படம் இடவலம் மாறிவிடும், கணினியில் திருப்பிக்கொள்ளவும். மாறியதா என்று கப்பல் முகப்பிலுள்ள பெயரே சொல்லிவிடும். பெயர் தெரியாவிட்டால் கரையில் நிற்கும் ஆண்களின் ஒற்றை வரிசைப் பொத்தான்களைப் பாருங்கள்: அணிந்தவரின் வலப்பக்கம் இருந்தால் சரி.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த ஆண்டு நகலெடுக்கக் கொண்டுவருவோர், நெகட்டிவ் இருந்த பழைய உறையையும் தவறாமல் எடுத்துவரவும். பென்சிலில் கிறுக்கிய பெயரோ தேதியோ பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.