ஆண்டறிக்கை: 1/32 ஸ்பிட்ஃபயர், தேர்வும் திருத்தமும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மாதிரி வானூர்திச் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகள் குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த பெரும்பணி ஒன்றே: சங்கத்தின் காட்சிப் பேழைக்கென ஒரு போர் விமானத்தைப் பெரிய அளவில் தேர்ந்து, கூட்டு முயற்சியாகக் கட்டுவது. எனவே இவ்வறிக்கை அதைப் பற்றியே பேசும்.

தேர்வுக்கே மூன்று கூட்டங்கள் ஆயின. மாதிரி விமானப் பெட்டிகளைத் தயாரிக்கும் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1970-இல் 1/24 அளவில், அதாவது அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்காக, இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரையும், 2009-இல் அதே அளவில் இரட்டை இயந்திர மஸ்கிட்டோவையும் வெளியிட்டதை நினைவூட்டி, கட்டினால் அந்த அளவில்தான் கட்ட வேண்டும் என்று ஒரு சாரார் வற்புறுத்தினர். ஆனால் மஸ்கிட்டோவின் இறக்கை வீச்சு 16.5 மீட்டர், 1/24-இல் அது ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் ஆகிறது. பி-17 குண்டுவீச்சு விமானமோ 1/32-இலேயே ஒரு மீட்டரை நெருங்குகிறது. நம் பேழைத் தட்டு அரை மீட்டர் அகலமே கொண்டது என்பதை அளவுநாடாவுடன் எழுந்து நின்று காட்டிய உறுப்பினருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அந்த நாடா முதல் கூட்டத்திலேயே வந்திருந்தால் இரண்டு கூட்டங்கள் மிச்சமாகியிருக்கும். ஜெட் விமானங்களும் பேசப்பட்டன. மூக்குச் சக்கரம் உள்ளவை பின்புறம் சாயாதிருக்க முன்பகுதியில் எடை வைக்க வேண்டும், அந்த எடையைத் தாங்கும் பிளாஸ்டிக் கால்கள் நாளடைவில் வளைந்து போகும் என்ற காரணத்தால் அவை கைவிடப்பட்டன.

ஸ்பிட்ஃபயரின் வீச்சு 11.23 மீட்டர், 1/32-இல் 35 சென்டிமீட்டர். தட்டில் தாராளமாக அமரும். ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டிகளில் எதை எடுப்பது என்பதே அடுத்த வழக்கு. டாமியா நிறுவனம் 2009-இல் வெளியிட்ட 1/32 மார்க் 9 (ஸ்பிட்ஃபயரின் ஒன்பதாம் வகை), இயந்திர மூடிகளைக் காந்தத்தால் நிறுத்தும் நேர்த்தி கொண்டது. குறிப்பேட்டின்படி ஒட்டினாலே நல்ல விமானம் கிடைத்துவிடும். மறுபுறம், உறுப்பினர் ஒருவர் பல்லாண்டுகளாக அலமாரியில் வைத்திருந்து சங்கத்துக்கு நன்கொடையாக அளித்த மார்க் 5 பழைய அச்சு. தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகள் எல்லாம் புடைப்பு, காக்பிட்டுக்குள் ஓர் இருக்கையும் ஒரு குச்சியும் தவிர வேறெதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ரம்பமும் உப்புத்தாளும் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும் என்பதே நம் நோக்கமாதலால், குறையில்லாத பெட்டியில் கற்க என்ன இருக்கிறது என்ற வாதம் வென்றது. அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன், வேலை நான் நினைத்ததைவிட இரு மடங்காக நீண்ட போதிலும்.

மேம்படுத்தும் பணியில் முதலிடம் பெற்றது இறக்கையின் பின்விளிம்பு. பெட்டியில் வந்தபடி ஒட்டியிருந்தால் அது ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்திருக்கும். அசல் விமானத்தின் அளவுக்குப் பெருக்கினால் அது 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலப் பலகை. ஸ்பிட்ஃபயரின் மெல்லிய நீள்வட்ட இறக்கைக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, நீர் தெளித்து, இறக்கைப் பாதிகளின் உட்புறத்தை மட்டும் வட்டமாகத் தேய்த்தோம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்போரத்தில் பிளாஸ்டிக் ஊடாக விரலின் நிழல் தெரியத் தொடங்கும்போது நிறுத்த வேண்டும். இளைய உறுப்பினர் ஒருவர் அந்த நிழலுக்குப் பின்னும் நான்கு சுற்று தேய்த்ததில் விளிம்பு ஓரிடத்தில் கிழிந்தது. பட்டி வைத்துச் சரிசெய்தாயிற்று, இப்போது தேடினாலும் கிடைக்காது.

புடைப்புக் கோடுகளைத் தேய்த்தெடுத்து, ஊசிமுனையால் புதிய கோடுகளைக் கீறினோம். 0.2 மில்லிமீட்டர் கோடுகூட அசல் அளவில் ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளவு என்பதால், கை எவ்வளவு இலேசாக இருந்தாலும் தகும். ரிவெட்டு விஷயத்தில் மட்டும் அனைத்தையும் அழிக்க வேண்டாம் என்று மூத்த உறுப்பினர் தடுத்தார். ஸ்பிட்ஃபயரின் சோதனைக் காலத்தில், தகட்டோடு பதிந்த ரிவெட்டுகளின் மேல் பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டு, குமிழ்த்தலை ரிவெட்டு எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறது, எந்த இடத்தில் குறைப்பதில்லை என்று பார்த்தார்கள் என்பதை அவர் விளக்கினார். இறக்கையில் பதிந்தவையும் உடலின் பின்பகுதியில் குமிழ்த்தலைகளும் அமைந்த கதை அதுதான். ஆகவே இறக்கையை வழவழப்பாக்கி, பின்னுடலில் உள்ள குமிழ்களை உயரம் மட்டும் குறைத்து விட்டுவைத்தோம்.

காக்பிட்டில் தாமிரக் கம்பியும் ஈயத்தாளும் பெரும்பணி ஆற்றின. இருக்கை வார்களை ஈயத்தாளில் வெட்டி, இருக்கையின் ஓரத்தில் இயல்பாகத் தொங்கும்படி மடித்தோம். உட்புறம் சாம்பல்கலந்த பச்சை. இருக்கை மட்டும் செம்பழுப்பு. இறக்கையில் உள்ள பீரங்கிக் குழலின் வாயை 0.6 மில்லிமீட்டர் துரப்பண ஊசியால் துளைத்தோம். 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கு இந்த அளவில் அதுவே கணக்கு. இயந்திரத் துப்பாக்கித் துளைகளுக்கு அந்த வேலையும் இல்லை: தூசியும் குளிரும் புகாதிருக்க அவற்றின் மேல் துணி ஒட்டிவிடுவார்கள், முதல் குண்டே அதைக் கிழித்துக்கொண்டு போகும், எனவே சிவப்புச் சதுரங்கள் போதுமானவை.

உதிரிப் பெட்டியிலிருந்து நான்கு இதழ்ச் சுழலி ஒன்று வந்து சேர்ந்தது. அது மார்க் 9-க்கு உரியது. அவ்வகையின் இரண்டடுக்கு சூப்பர்சார்ஜர் (இயந்திரத்துக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) மூக்கையே நீட்டிவிட்டதால், சுழலியை மாற்றினால் வகை மாறிவிடாது. மூன்று இதழே நீடிக்கிறது. மார்க் 5-இன் அடிப்புறத்தில் வலது இறக்கையில் அகன்ற ரேடியேட்டரும், இடது இறக்கையில் உருளை வாயுள்ள சிறிய எண்ணெய்க் குளிர்விப்பானும் இருக்க வேண்டும். விமானத்தைக் கவிழ்த்து வைத்து ஒட்டியதில் வலம் இடமாகிவிட்டது. பசை இறுகுமுன் அதைக் கண்டவர் நம் பொருளாளர். ஒட்டியவர் யார் என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்ய வேண்டாம் என்று செயற்குழு கருணையுடன் தீர்மானித்தது.

ஒரு செலவுக்கு நானே பொறுப்பு. ரெசினில் வார்த்த முழு இயந்திரத் தொகுதியை வாங்கலாம் என்று முன்மொழிந்தவன் நான். அதற்கு வயர் இழுத்து வண்ணம் தீட்ட ஆறு மாலைகள் ஆயின. பிறகு மூடியைத் திறந்து வைத்தால் மூக்கின் வடிவழகு கெடுகிறது என்று எல்லாரும் கூறவே, மூடி ஒட்டப்பட்டது. அந்த இயந்திரத்தை இனி யாரும் காணப் போவதில்லை. துணைப் பாகங்களை வாங்குமுன், ஒட்டி முடித்தபின் கண்ணுக்குப் படுபவை எவை என்று பட்டியலிட வேண்டும் என்ற தீர்மானத்தை இதனால்தான் முன்வைக்கிறேன்.

வண்ணம் 1941 ஆகஸ்டுக்குப் பிந்தைய பகல் சண்டை விமான முறை: மேலே கடும்பச்சையும் கடற்சாம்பலும், கீழே இளஞ்சாம்பல். 1944 ஜூன் நார்மண்டிப் படையிறக்கத்துக்காக இடப்பட்ட வெள்ளை, கறுப்புப் பட்டைகள் ஒற்றை இயந்திர விமானங்களுக்குத் தலா 18 அங்குலம். நம் அளவில் 14.3 மில்லிமீட்டர். அசலில் அவசரமாகத் தூரிகையால் பூசிய பட்டைகள் பல உண்டு என்பதால், ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) பிரியர்களின் எதிர்ப்பையும் மீறி விளிம்புகளைத் தூரிகையாலேயே முடித்தோம். தரையில் நிற்கும் ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப்புகள், அதாவது இறக்கையின் பின்புறம் கீழ்நோக்கி மடியும் தகடுகள், மூடியே இருக்கும். அதனால் அவற்றைத் திறந்து வைக்கும் யோசனையும் ஏற்கப்படவில்லை.

எஞ்சியிருப்பது ஒன்றே. காக்பிட்டுக்குப் பின்னுள்ள வானலைக் கம்பம் தூசு துடைக்கும்போது இருமுறை முறிந்தது. வி.எச்.எஃப். எனும் மிகை அதிர்வெண் வானொலி வந்தபின் கம்பத்திலிருந்து வாலுக்குக் கம்பி இழுக்கும் தேவை இல்லாது போனதால் கம்பம் மட்டும்தான் வேலை. அது இப்போது பேழையின் கீழ்த்தட்டில் தீப்பெட்டி ஒன்றில் உள்ளது. பித்தளைக் கம்பியில் புதிதாக அராவிய பின் ஒட்டப்படும். உறுப்பினர்கள் அந்தத் தீப்பெட்டியைக் குப்பையென்று எறிந்துவிட வேண்டாம்.

பணியில் பங்கேற்ற அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையையும் துணைப் பாகங்கள் குறித்த தீர்மானத்தையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்