தொட்டியில் வளராத பாசி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், ஆர்க்கிட் தொட்டிக்குக் காட்டுப்பாசி ஒரு பிடி கிள்ளி வந்தால் போதும், அது தானே பரவிக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். பரவாதுங்க. நான் ரீயூனியன் தீவில் சேந்த்-ஆந்த்ரேவில் இருக்கிறேன். சலாசிக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு பாறையிலிருந்து அப்படிக் கிள்ளி வந்து, தினமும் தண்ணீர் தெளித்தும், ஒரு மாதத்துக்குள் பழுப்பாகிக் கையோடு உதிர்வதைப் பார்த்தவன்.

மலைக்குக் கீழே எங்கள் ஊரில் இருக்கும் வெக்கைதான் முதல் காரணம், சரி. ஆனால் அது மட்டும் இல்லை என்பது அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது. நாம் குளத்தில் மிதப்பதையும் பாசி என்கிறோம், கிணற்றடியில் வழுக்குவதையும் பாசி என்கிறோம், பிரியாணியில் போடுகிற கல்பாசிகூட உண்மையில் லைக்கன், அதாவது பூஞ்சையும் பச்சையம் உள்ள நுண்ணுயிரும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக்குடித்தனம். ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டதால் உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கவே தோன்றவில்லை.

நான் கிள்ளியது மாஸ், பாறையிலும் தரையிலும் பச்சை மெத்தையாகப் படரும் குட்டிச் செடி. அதற்கு வேர் கிடையாது, மழையும் மூட்டமும் கொண்டுவருவதைத்தான் உடம்பால் உறிஞ்சும். சுவீடன் காடுகளில் தரையை மூடிக்கிடக்கும் ஒரு மாஸில் நாஸ்டாக் என்ற நுண்ணுயிர் தங்கி, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாகச் சேர்க்கிறது என்று 2002-இல் கண்டறிந்தார்கள். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. (நாஸ்டாக்கையும் பாடப்புத்தகம் நீலப்பச்சைப் பாசி என்றே சொல்லும், அது பாக்டீரியா!)

மாஸுக்குப் பங்காளியான லிவர்வார்ட் என்ற, ஈரத்தில் தரையோடு ஒட்டி வளரும் சிறு செடியின் கதை இன்னும் விசேஷம். உலகின் வடபாதியில் வளரும் பிளாசியா என்ற லிவர்வார்ட் தன் அடிப்பக்கத்தில் குட்டிக் குட்டிப் பைகளில் நாஸ்டாக்கைக் குடிவைத்திருக்கிறது, கருப்புப் புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரியும். வட ஐரோப்பாவில் மாஸ் மெத்தைக்கு அடியில் ஒளிந்து வளரும் அனியூரா மிராபிலிஸ் இருக்கிறதே, அதற்குப் பச்சையமே இல்லை. பக்கத்து பிர்ச் மரம் சமைக்கிற சாப்பாட்டை டுலாஸ்நெல்லா என்ற பூஞ்சையின் இழை வழியாக வாங்கிச் சாப்பிட்டே காலம் தள்ளுகிறது. அந்தப் பூஞ்சை இல்லாத மண்ணில், நீங்கள் எத்தனை குடம் ஊற்றினாலும் அது முளைக்காது. அரிய செடி ஏன் ஓர் இடத்தில் இருக்கிறது, பத்தடி தள்ளி ஏன் இல்லை என்று கேட்டால், வெயில், ஈரம், பாறை இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டாளியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இங்கே இதை நேரில் பார்க்க ஓர் இடம் உண்டு. 2007 ஏப்ரலில் ஃபூர்நேஸ் எரிமலை கக்கிய குழம்பு கடல்வரை ஓடிக் கல்லாகி நிற்கிறது. அந்தக் கரிக்கல்லில் முதலில் ஒட்டியது வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஸ்டீரியோகாலான் என்ற லைக்கன், அதிலும் நைட்ரஜன் பிடிக்கிற நுண்ணுயிர் உண்டு. அப்புறம் இடுக்குகளில் மாஸ், பெரணி. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அங்கே போகிறவர்கள் அதன்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

காட்டில் கிள்ளுகிற ஒரு பிடியில் செடி மட்டும் வருவதில்லை. வருஷக்கணக்காகச் சேர்ந்த அந்தக் குடித்தனமும் பிய்ந்து வருகிறது, தொட்டியில் செத்தும் போகிறது. தயவுசெய்து அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திருத்திப் போடுங்கள். ஆர்க்கிட்டுக்குக் காய்ந்த தேங்காய்மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போதும், என் வீட்டில் அதில்தான் பூக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேந்த்-ஆந்த்ரே, ரீயூனியன்